சென்னையில் முதியோர் பராமரிப்பு: எந்த நிலைக்கு எந்த இடம், மாதம் எவ்வளவு ஆகும்

சென்னையில் 'நர்சிங் ஹோம்' என்று பலகை தொங்கினால் அது பெரும்பாலும் பத்திருபது படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலர் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடிவிட்டு, பிரசவமும் குடல்வால் ஆபரேஷனும் பார்க்கும் இடத்துக்குப் போன் செய்து 'அப்பாவை மாதக்கணக்கில் வைத்துக்கொள்வீர்களா' என்று கேட்கிறார்கள். நீங்கள் தேடுவதற்கு இங்கே வேறு பெயர்கள்: முதியோர் இல்லம், அன்றாட வேலைகளுக்குக் கை கொடுக்கும் அசிஸ்டட் லிவிங், மறதி நோய்க்கான டிமென்ஷியா கேர், ஆபரேஷன் முடிந்தவர்களுக்கான டிரான்சிஷன் கேர், வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஹோம் நர்சிங், ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கான ரிட்டயர்மென்ட் குடியிருப்பு. இவற்றின் பொருளும் இடத்துக்கு இடம் நீளும், சுருங்கும். அதனால் பெயரை நம்பாமல், அங்கே என்ன வேலை செய்து தருகிறார்கள் என்பதைக் கேளுங்கள்.

கட்டணத்தைப் புரிந்துகொள்ள ஒரு சாவி போதும். இந்தத் துறையில் பணம் போவது அறைக்கு அல்ல, ஆள் கைக்கு. ஏசியும் பால்கனியும் மாதத்தில் சில ஆயிரங்களைக் கூட்டலாம். ஆனால் உங்கள் அம்மாவை ராத்திரி மூன்று முறை எழுப்பி பாத்ரூம் அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும் என்ற நிலை வந்தால், அது கட்டணத்தைப் பெரிதாகக் கூட்டிவிடும். எனவே இடம் பார்ப்பதற்கு முன்னால் தேவையை அளக்க வேண்டும்.

முதல் வேலை: மூன்று நாள் குறிப்பு

ஒரு நோட்டில் ஆறு வேலைகளை எழுதுங்கள்: குளிப்பது, உடை மாற்றுவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலம் அடக்குவது, சாப்பிடுவது. முதியோர் மருத்துவர்கள் பார்க்கும் பட்டியலும் இதுதான். ஒவ்வொன்றுக்கும் நேராக, தானே செய்கிறாரா, பக்கத்தில் ஆள் நின்றால் போதுமா, முழுக்க ஒருவர் செய்து தர வேண்டுமா என்று மூன்று நாள் தொடர்ந்து குறியுங்கள். ஒரு நாள் குறிப்பு ஏமாற்றும். மகன் ஊரிலிருந்து வந்த நாளில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, தானே இட்லி பிட்டுச் சாப்பிடுவார். மறுநாள்தான் உண்மை தெரியும்.

இரவைத் தனியாக எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், ஏன் எழுந்தார், எழுந்தபோது இடம் தெரிந்ததா, வாசல் கதவைத் திறக்கப் போனாரா. பகல் தேவையைவிட இரவுத் தேவைதான் கட்டணத்தை முடிவு செய்கிறது. பகலுக்கு மட்டும் ஆள் போதுமென்றால் 12 மணி நேர டூட்டியோடு முடிந்துவிடும். இரவிலும் விழித்திருக்க ஆள் வேண்டுமென்றால் இரண்டு ஷிஃப்ட் ஆகிறது. 24 மணி நேரமும் வீட்டிலேயே தங்கும் ஒரே அட்டெண்டர் இரண்டையும் பார்ப்பார் என்று நினைப்பது முதல்முறை வருபவர்கள் செய்யும் பெரிய தவறு. அவரும் தூங்க வேண்டும். தூங்கவிடாமல் வேலை வாங்கினால் பத்தாவது நாள் சொல்லாமல் கிளம்பிவிடுவார். அவர் மீது தப்பு சொல்ல முடியாது.

இந்தக் குறிப்போடு ஒருமுறை முதியோர் நல மருத்துவரைப் பாருங்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறை உண்டு. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. தடுமாற்றம், திடீர்க் குழப்பம், அடிக்கடி சிறுநீர் ஆகியவற்றுக்குப் பின்னால் சோடியம் குறைவு, சிறுநீர்த் தொற்று, தேவையில்லாமல் சேர்ந்துபோன மாத்திரை இப்படிச் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் இல்லம் தேடினால், அதிகத் தேவைக்கான கட்டணத்தைக் காரணமில்லாமல் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எந்த நிலைக்கு எது

ஆறு வேலையையும் தானே செய்கிறார், தனிமையும் சமையலும்தான் பிரச்சினை என்றால் ரிட்டயர்மென்ட் குடியிருப்பு அல்லது அறக்கட்டளை நடத்தும் கட்டண முதியோர் இல்லம் பொருந்தும். ரிட்டயர்மென்ட் குடியிருப்பில் வீட்டை வாங்குவீர்கள் அல்லது பெரிய டெபாசிட் கட்டி லீசுக்கு எடுப்பீர்கள். மாதப் பராமரிப்பும் சாப்பாடும் தனி. ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்: அது வீடு, பராமரிப்பு இல்லம் அல்ல. படுக்கையில் விழுந்தால் தனியாக அட்டெண்டர் வைக்கச் சொல்வார்கள், அல்லது வேறு இடம் பார்க்கச் சொல்வார்கள். வாங்குவதானால் தமிழ்நாடு ரெரா (வீட்டுத் திட்டங்களைக் கண்காணிக்கும் ஆணையம்) பதிவு எண்ணைப் பாருங்கள். பெற்றோர் காலத்துக்குப் பின் வாரிசுகள் அங்கே குடியிருக்கலாமா, விற்க மட்டும்தான் முடியுமா என்பதையும் பத்திரத்திலேயே படித்துவிடுங்கள்.

இரண்டு மூன்று வேலைகளுக்குக் கை தேவை என்றால் அசிஸ்டட் லிவிங், அல்லது வீட்டில் பகல் அட்டெண்டர். நான்குக்கு மேல் என்றால் நர்ஸ் இருக்கும் இல்லம், அல்லது வீட்டில் 24 மணி நேர ஏற்பாடு.

மறதி நோய் இந்தக் கணக்குக்குள் அடங்காது. உடம்பு திடமாக இருக்கும், ஆறு வேலையில் ஐந்தைச் செய்வார், ஆனால் ஒரு நிமிடம் கண்ணை எடுத்தால் தெருவில் இருப்பார். வெளியே போய்விடாதபடி கதவு அமைப்பும், இந்த நோயில் பழகிய ஆட்களும் உள்ள டிமென்ஷியா பிரிவுதான் சரி. சாதாரண இல்லம் 'பார்த்துக்கொள்கிறோம்' என்று சேர்த்துக்கொண்டால், தூக்க மாத்திரையால் சமாளிக்கும் ஆபத்து உண்டு. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பின் டெம்கேர்ஸ் இந்த நோய்க்காகவே இயங்குகிறது. குடும்பத்தினர் முதலில் போய் ஆலோசனை கேட்க அது நல்ல இடம்.

கையில் பணம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. முதியோர் உதவி எண் 14567-ஐ அழைத்தால் இலவச இல்லங்கள் பற்றிய தகவலும் சட்ட வழிகாட்டலும் கிடைக்கும். மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களுக்கு 1913. வீட்டில் படுத்திருப்பவருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள், பிசியோதெரபி, நோய்த்தணிப்புச் சிகிச்சை ஆகியவை வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். நடுத்தரக் குடும்பங்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகின்றன. கூச்சப்பட வேண்டியதில்லை.

கணக்கு

வாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த 78 வயது அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்வரும் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கானவை. உங்கள் ஏஜென்சியும் உங்கள் மருந்துக்கடையும் சொல்லும் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கும் அட்டெண்டர் (இரவில் குடும்பத்தினர் பார்த்துக்கொண்டால்) 30,000. அவருடைய சாப்பாடு 4,500. டயப்பர் நாளுக்கு 4, ஒன்று 40 ரூபாய் என்றால் 4,800. வாரம் மூன்று பிசியோதெரபி, ஒருமுறைக்கு 600 வீதம் 7,200. மருந்து 5,000. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் டாக்டர் 1,500. கூடுதல் மின்சாரம் 2,000. மொத்தம் 55,000. இதில் மருத்துவமனைக் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி சேரவில்லை. அவற்றை வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் எழுந்துவிடுவார் என்று டாக்டர் சொன்னால் வாடகை நல்லது. அதற்கு மேல் என்றால் மொத்த வாடகையை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது ஓர் இல்லம் 'மாதம் 40,000, எல்லாம் சேர்த்து' என்கிறது. எல்லாம் என்றால் எதெல்லாம் என்று கேளுங்கள். பெரும்பாலும் அறை, சாப்பாடு, பொது அட்டெண்டர் இவ்வளவுதான். டயப்பர் 4,800, மருந்து 5,000, பிசியோ 7,200 வெளியே நிற்கும். கூட்டினால் 57,000. காயத்துக்குக் கட்டு, ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக உணவு கொடுக்கும் குழாய்) மாற்றுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம் போடும் இடங்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்கும் ஆளுக்குத் தினக்கூலியும், காலியாக இருக்கும் இல்லப் படுக்கைக்கு வாடகையும் சேர்ந்தே ஓடும்.

ஆகவே படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீடும் இல்லமும் செலவில் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் வைத்தால் ஆள் வராத நாளில் நீங்கள் லீவு போட வேண்டும். இல்லத்தில் வைத்தால் வாரம் ஒருமுறையாவது போய் மேற்பார்வை செய்ய வேண்டும். எந்தச் சுமையை உங்கள் குடும்பம் தாங்கும் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

வரி விஷயம் ஒன்று. வருமான வரிச் சட்டத்தில் பதிவான அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில், 60 வயதுக்கு மேற்பட்டவருக்கு உணவும் தங்குமிடமும் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. மற்ற இடங்களில், சொல்லும் தொகையில் ஜிஎஸ்டி அடக்கமா, அதற்கு மேலா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 40,000-க்கு 18 சதவீதம் என்றால் 7,200. மாதாமாதம் அது ஒரு பிசியோ செலவு.

மருத்துவக் காப்பீடு இந்தச் செலவில் பெரும்பகுதியைத் தராது. அட்டெண்டரும் இல்லக் கட்டணமும் பொதுவாகக் காப்பீட்டுக்குள் வருவதில்லை. முக்கியமாக ஆஸ்பத்திரிச் சிகிச்சைதான் வரும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள். அதுவும் ஆஸ்பத்திரிக்கு மட்டுமே.

வருமானப் பக்கத்தில், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500, அதாவது மாதத்துக்கு 20,500 வரும். வட்டி விகிதத்தை அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறது, எனவே போடும் நாளின் விகிதத்தைப் பாருங்கள். போட்ட பிறகு ஐந்தாண்டுக்கு அதே விகிதம்தான். 20,500 வருமானமும் 57,000 செலவும் என்றால் இடைவெளி 36,500. அதை எந்தப் பிள்ளை எவ்வளவு தருவார் என்பதை முதல் மாதமே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது மாதம் பேசினால் சண்டையில்தான் முடியும்.

வீட்டுக்கு ஆள் எடுக்கும்போது

அட்டெண்டர் வேறு, நர்ஸ் வேறு. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது அட்டெண்டர் வேலை. ஊசி, டிரிப்ஸ், குழாய் மாற்றுவது நர்ஸ் வேலை. நர்ஸ் என்று சொல்லி அனுப்பினால் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் அட்டெண்டருக்கான சம்பளம்தான்.

ஏஜென்சியிடம் ஆதார் நகல் வாங்குங்கள். காவல்துறை சரிபார்ப்பு நடந்ததா என்று பாருங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். மாதத்தில் எத்தனை நாள் விடுப்பு, அன்று மாற்று ஆள் வருமா, ஆள் பிடிக்காவிட்டால் எத்தனை நாளில் மாற்றுவார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆள் கிடைக்காது. அந்த வாரத்துக்கான ஏற்பாட்டை ஒரு மாதம் முன்பே செய்யுங்கள். மொழியும் முக்கியம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் பெண்கள் நன்றாக வேலை செய்வார்கள். ஆனால் மறதி நோய் உள்ள அம்மாவுக்கு 'கொஞ்சம் கையைத் தூக்குங்கம்மா' என்பது தமிழில் காதில் விழ வேண்டும். புரியாத மொழியில் யாரோ புடவையை அவிழ்க்கிறார்கள் என்று பயந்துதான் அவர் அடிக்கிறார், கிள்ளுகிறார்.

இல்லத்தை நேரில் பார்ப்பது

மேனேஜர் காட்டும் மாதிரி அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். முதல்முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாம் முறை சொல்லாமல் மதியம் 12 மணிக்குப் போங்கள், சாப்பாட்டு நேரம்.

மூக்கில் குழாய் உள்ளவருக்கு எப்படி ஊட்டுகிறார்கள் என்று பாருங்கள். தலைப்பக்கம் நன்றாக உயர்த்தி, சாய்ந்து உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே வைக்க வேண்டும். மல்லாக்கப் படுத்திருப்பவருக்கு சிரிஞ்சில் கஞ்சியைத் தள்ளுகிறார்கள் என்றால் வெளியே வந்துவிடுங்கள். அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும். சிறுநீர்ப் பை கட்டிலுக்குக் கீழே தொங்க வேண்டும். மெத்தை மேல் கிடந்தால் சிறுநீர் திரும்ப ஏறித் தொற்று வரும். நகங்களைப் பாருங்கள். உதடு வறண்டு வெடித்திருக்கிறதா பாருங்கள். தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை என்பதை அது சொல்லிவிடும்.

மருந்துப் பதிவேட்டைக் கேளுங்கள். இன்று இரவு எட்டு மணி மாத்திரைக்கு மதியமே கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த நோட்டில் எதையும் நம்ப முடியாது.

இரவு ஷிஃப்டில் வேலைக்கு எத்தனை பேர், ஒவ்வொருவரும் படுத்த படுக்கையாக இருக்கும் எத்தனை பேரைப் பார்க்கிறார்கள் என்று கேட்டுக் கணக்குப் போடுங்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். ஒருவரைப் புரட்டித் துடைத்து டயப்பர் பார்க்கப் பத்து நிமிடம். எட்டுப் பேர் என்றால் 80 நிமிடம். 120 நிமிடத்தில் மீதி 40. அதற்குள் மணி அடிப்பவர், வாந்தி எடுப்பவர், பாத்ரூம் போகிறவர். ஓர் ஆளால் முடியாது. காற்று மெத்தை இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். முதுகடியிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காமல் இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

பாத்ரூமுக்குள் நீங்களே போங்கள். வாக்கர் நுழையும் அகலம் இருக்கிறதா, கைப்பிடி ஆடுகிறதா, கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் திறக்க முடியாது. அழைப்பு மணியின் கயிறு படுத்திருப்பவர் கைக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். சுவரில் உயரத்தில் சுற்றி மாட்டி வைத்திருக்கும் மணியால் பயனில்லை.

சென்னைக்கே உரிய கேள்வி: மழை. முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் 2015-லும் 2023 டிசம்பரிலும் நீர் புகுந்ததை ஊரே அறியும். தரைத்தளத்தில் படுக்கைகள் இருந்தால் வெள்ளம் வரும்போது யார், எங்கே தூக்கிப்போவார்கள் என்று கேளுங்கள். ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும்? மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் உள்ளவருக்கு நிரப்பிய சிலிண்டர் கூடுதலாக இருக்கிறதா? சாப்பாடும் கேட்க வேண்டியதுதான். சைவம் மட்டும் போடும் இல்லங்கள் நிறைய. ஆயுள் முழுக்க மீன் குழம்பு சாப்பிட்டவரை அங்கே சேர்த்துவிட்டு 'சரியாகவே சாப்பிடுவதில்லை' என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

ஒப்பந்தத்தில்

அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடிப்பார்கள்? ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள்? நிலை மோசமானால் கட்டணம் எவ்வளவாகும், எந்த நிலைக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்கவே வேண்டும். நடமாடும் நிலையில் சேர்த்துக்கொண்டு, படுக்கையானதும் ஒரு வாரத்தில் அழைத்துப்போகச் சொல்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிரச்சினை. நடு இரவில் மூச்சுத்திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், இறப்பு நேர்ந்தால் சான்று தரும் டாக்டர் யார் என்பதையும் கேளுங்கள். கேட்கக் கஷ்டமான கேள்விதான். ஆனால் இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்கு டாக்டர் சான்று வேண்டும். அந்த நாளில் அலையாமல் இருக்க இன்றே கேட்பது நல்லது.

நினைவு தெளிவாக இருக்கும்போதே

பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்தப் பத்திரம் சட்டப்படி செல்லாது. எப்போது அதிகம் தேவைப்படுமோ அப்போதுதான் கைவிடும். ஆகவே வங்கிக் கணக்கை 'இருவரில் ஒருவர்' முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுவது, நாமினி நியமனம், உயில் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடியுங்கள்.

வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதுவதானால், 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை செட்டில்மென்ட் பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில், பராமரிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெற அது பெரிய பலம். அதே சட்டத்தில், பராமரிக்காத பிள்ளைகள் மீது கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லி உத்தரவிட முடியும்.

சேர்க்கும் மாதம்

ஒரேயடியாக ஆண்டு ஒப்பந்தம் போடாமல் ஒரு மாதம் சோதனையாகத் தங்கவையுங்கள். பல இல்லங்கள் குறுகிய காலத்துக்கும் சேர்த்துக்கொள்கின்றன. சேர்க்கும் அன்று எடையும், முதுகு, இடுப்பு, குதிகால் தோலின் நிலையும் உங்கள் முன்னாலேயே குறிக்கப்பட வேண்டும். புண் ஏற்கெனவே இருந்ததா, அங்கே வந்ததா என்ற சண்டைக்கு அது ஒன்றுதான் ஆதாரம். மருந்துப் பட்டியலின் ஒரு நகலை உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் 'என்னை வீட்டுக்குக் கூட்டிப்போ' என்பார். அது எல்லாருக்கும் வருவது. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், பொய் வாக்கு மட்டும் கொடுக்காதீர்கள். நான்காவது வாரம் எடையைத் திரும்பப் பாருங்கள், குதிகாலைத் திரும்பப் பாருங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தாலோ, தோல் சிவந்திருந்தாலோ, அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, அந்த வாரமே வேறு இடம் பாருங்கள்.